கொழும்பில் உருண்ட பந்து லயத்துக்கு வருமா?

2025 செப்டெம்பர் 15ஆம் திகதி தொடக்கம் 27ஆம் திகதி வரை கொழும்பு குதிரைப் பந்தயத் திடலில் தெற்காசிய நாடுகளின் 17 வயதுக்குட்பட்டோர் கால்பந்தாட்டச் சுற்றுப்போட்டி நடந்து முடிந்தது. இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், நேபாளம், பூட்டான், மாலைதீவு என்று ஏழு நாடுகளின் பிள்ளைகள் வந்து ஆடினார்கள். இறுதிப் போட்டியில் இந்தியாவும் பங்களாதேஷும் 2–2 என்று சமநிலையில் நின்றன. பெனால்டி உதையில் இந்தியா 4–1 என்று வென்று கிண்ணத்தைத் தூக்கியது. சொந்த மண்ணில் ஆடிய நமது நாட்டு அணி அரையிறுதிக்கும் போகவில்லை.

"சம்பளப் பிரச்சினை, வீட்டுப் பிரச்சினை, காணிப் பிரச்சினை எல்லாம் இருக்கும்போது சங்கப் பத்திரிகையில் பந்து விளையாட்டைப் பற்றி எழுத வேண்டுமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இந்தக் கட்டுரை முழுவதும் அதற்கான பதில்தான். நமது தோட்டத்துப் பிள்ளைகள் மாலை நேரத்தில் எங்கே இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள், அவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதும் சம்பளப் பிரச்சினையின் ஒரு பகுதிதான் என்பது என் கருத்து.

அந்தப் போட்டி நடந்த இடம் ரம்புக்கனையிலிருந்து சுமார் 80 கிலோமீற்றர். விடியற்காலை அலுவலக ரயிலில் ஏறினால் வேலை தொடங்கும் நேரத்துக்குக் கொழும்பு கோட்டையில் இறங்கலாம். நமது இளைஞர்கள் எத்தனையோ பேர் கடைவேலைக்கும் கட்டட வேலைக்கும் அதே ரயிலில்தான் போகிறார்கள். ஆனால் அந்த மைதானத்துக்கும் நமது லயத்துக்கும் உள்ள தூரத்தை ரயில் பாதையின் கிலோமீற்றரால் அளக்க முடியாது.

அந்தத் திடலும் அந்தப் பிள்ளைகளும்

குதிரைப் பந்தயத் திடல் 1893ஆம் ஆண்டு வெள்ளைக்காரர் காலத்தில் உண்டானது. நமது பாட்டன் பூட்டன் காடு வெட்டிக் கோப்பியும் தேயிலையும் இறப்பரும் வைத்த காலத்தில், துரைமார் குதிரை ஓடவிட்டுக் காசு கட்டி மகிழ்ந்த இடம் அது. இரண்டாம் உலகப் போரில் விமானம் இறங்கும் ஓடுபாதையாக இருந்தது. இன்று அங்கே ஏழு நாட்டுப் பிள்ளைகள் பந்து உதைக்கிறார்கள். காலம் மாறித்தான் இருக்கிறது. மாறிய காலத்தில் நமக்கு ஒரு பங்கு கிடைத்ததா என்பதுதான் கேள்வி.

2025 மே மாதத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஏவுகணை வீசிக்கொண்டன. செப்டெம்பரில் துபாயில் நடந்த ஆசியக் கிண்ணக் கிரிக்கெட்டில் இரு நாட்டுப் பெரியவர்களும் ஆட்டம் முடிந்தபின் கைகுலுக்கவில்லை. அதே செப்டெம்பரில் அவ்விரு நாடுகளின் பிள்ளைகளும் கொழும்பில் ஒரே புல்லில் ஓடினார்கள். ஆட்டம் இந்தியாவுக்கு 3–2. பக்கத்து வீட்டுக்காரர்கள் பேச மறுத்தாலும் பிள்ளைகள் சேர்ந்து விளையாட ஓர் இடம் இருப்பது சின்ன விஷயமல்ல. அந்த இடத்தை நமது நாடு கொடுத்தது என்பதில் பெருமைப்படலாம்.

நமது மக்களுக்கோ இதில் இன்னும் நெருக்கமான தொடர்பு உண்டு. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரை இரண்டு அரசாங்கங்கள் கணக்குப் போட்டுப் பிரித்தன. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரின் கதை பிறகு பார்க்கலாம் என்று எழுதினார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். அப்படிக் கப்பல் ஏறியவர்கள் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கும், கேரளத்தின் புனலூர் இறப்பர்த் தோட்டங்களுக்கும், கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் இறப்பர்த் தோட்டங்களுக்கும் போனார்கள். இங்கே பால் வெட்டிய கை அங்கேயும் பால் வெட்டியது.

ஆகவே இந்தியாவும் இலங்கையும் மோதும் ஒரு பிள்ளைகள் போட்டியை நாம் மற்றவர்களைப் போலப் பார்க்க முடியாது. ஒரே லயத்தில் ஒரே அடுப்பில் சாப்பிட்ட அண்ணன் தம்பியின் பேரப்பிள்ளைகள் இரண்டு பக்கமும் நிற்கக்கூடிய ஆட்டம் அது. நிற்கக்கூடிய என்றுதான் சொல்கிறேன். நிற்க வழி இருக்கிறதா என்று பார்ப்போம்.

வழியில் உள்ள தடைகள்

தேசிய அணியில் யாருடைய பிள்ளை இருந்தது, எந்த ஊர்ப் பிள்ளை இருந்தது என்று எண்ணிப் பார்ப்பது என் நோக்கமல்ல. அதில் ஆடிய ஒவ்வொரு பிள்ளையும் உழைத்து வந்த பிள்ளைதான். தெரிவுக்கு வரிசையில் நிற்கவாவது கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டப் பிள்ளைக்கு ஒரு வழி இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

இந்நாட்டில் பதினேழு வயதுப் பிள்ளை ஒன்று தேசிய அணிக்குப் போவதற்கு இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று பாடசாலைப் போட்டிகள். மற்றது லீக்கில் பதிவு செய்த கழகங்கள். கொழும்பு, நீர்கொழும்பு, யாழ்ப்பாணம் போன்ற இடங்களில் கால்பந்தாட்டத்துக்குப் பேர்போன கல்லூரிகள் உள்ளன. அங்கே மைதானம் உண்டு, பயிற்றுவிப்பாளர் உண்டு, பழைய மாணவர் சங்கம் உண்டு. நமது பக்கத்தில் நிலைமை என்ன?

முதலாவது, பாடசாலை. சப்ரகமுவ தோட்டப்புறத் தமிழ்ப் பாடசாலைகள் சிதறிக் கிடக்கின்றன. பல பாடசாலைகள் ஐந்தாம் வகுப்போடு நிற்கும் சிறிய பாடசாலைகள். அங்கே பதினொரு பேரைச் சேர்த்து ஒரு வயதுப் பிரிவில் அணி கட்டுவதே கடினம். அதற்கு மேல் படிக்கப் பிள்ளை பஸ் ஏறித் தூரத்துப் பாடசாலைக்குப் போக வேண்டும். பின்னேரம் பயிற்சிக்கு நின்றால் கடைசி பஸ் போய்விடும். பஸ்ஸைத் தவறவிட்ட பிள்ளை இருட்டில் இறப்பர்க் காட்டு வழியாக நடக்க வேண்டும். பெண் பிள்ளை என்றால் எந்தத் தாய் சம்மதிப்பாள்?

இரண்டாவது, நிலம். நமது தோட்டங்களில் நிலத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் சமதரை என்றால் பெரட்டுக்களம், கோயில் முற்றம், ஸ்டோர் வாசல் இவ்வளவுதான். சங்கக் கூட்டங்களுக்காக நான் போய்வரும் தோட்டங்களில் முன்பு பிள்ளைகள் விளையாடிய இடத்தில் இன்று இறப்பர்க் கன்று நிற்பதைக் கண்டிருக்கிறேன். மறுநடுகை என்றால் முதலில் போவது பிள்ளைகளின் விளையாட்டிடம். "உங்களுக்கு அது எழுதிக் கொடுக்கப்பட்ட இடமா?" என்று கேட்டால் நம்மிடம் பதில் இல்லை.

மூன்றாவது, கடதாசி. வயதுப் பிரிவுப் போட்டியில் முதலில் கேட்பது பிறப்புச் சான்றிதழ். வெளிநாடு போக வேண்டுமென்றால் கடவுச்சீட்டு. பதிவு தாமதமான, பெயர் பிழையாக எழுதப்பட்ட, தகப்பன் பெயர் ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோரிடத்தில் வேறு மாதிரியும் உள்ள சான்றிதழ்கள் நமது தோட்டங்களில் எத்தனை என்று தலைவர்மாருக்குத் தெரியும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நமது மக்களை நாடற்றவர்களாக்கியது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் அந்தக் கதை சட்டப்படி முடிந்தது. ஆனால் கடதாசி இல்லாத பழக்கம் ஒரே நாளில் போகாது. ஒரு பிள்ளையின் கால் எவ்வளவு வேகமாக ஓடினாலும் ஓர் எழுத்துப் பிழை அதை நிறுத்திவிடும்.

நான்காவது, வயிறு. இறப்பர்த் தோட்டத்தில் மழை பெய்தால் பால் வெட்டில்லை. வெட்டில்லை என்றால் பேர் இல்லை. அடிப்படை நாட்சம்பளத்தைப் பேர் விழுந்த நாளில்தான் வாங்கலாம். மழை மாதத்தில் எத்தனை பேர் விழும் என்பதை நான் எழுதித்தான் நீங்கள் அறிய வேண்டுமா? அந்தச் சம்பளத்தில் ஒரு சோடி பூட்ஸ் வாங்கப் பல நாள் பேர் போகும். அது போகட்டும், பின்னேரம் ஒன்றரை மணித்தியாலம் ஓடிவிட்டு வரும் பிள்ளைக்கு இரவில் முட்டையும் பருப்பும் வேண்டும். ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் தின்ற உடம்பு தொண்ணூறு நிமிடம் தாங்காது.

இந்த நான்கு தடைகளில் ஒன்றையாவது பிள்ளை தன் திறமையால் தாண்ட முடியுமா? முடியாது. நான்குமே பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை.

"திறமை இருந்தால் மேலே வருவான்"

இதைச் சொல்பவர்கள் உடனே முத்தையா முரளிதரனைக் காட்டுவார்கள். அவருடைய பாட்டனாரும் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்தான். பேரன் 800 டெஸ்ட் விக்கெட் எடுத்து உலகத்தை வென்றார். நமக்கெல்லாம் பெருமை. ஆனால் கதையின் நடுப்பகுதியை விட்டுவிடக் கூடாது. அவருடைய தகப்பனார் கண்டியில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார். மகனை ஒன்பது வயதில் புனித அந்தோனியார் கல்லூரி விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தார். அங்கே புல்தரை இருந்தது, பயிற்சி கொடுக்க ஆள் இருந்தார். திறமை முரளியுடையது. திறமைக்கு நின்று பழக ஓர் இடம் வேண்டும் என்பதற்கும் அவரே சாட்சி.

பக்கத்து நாடுகளிலும் இதே பாடம்தான். பங்களாதேஷில் மைமன்சிங் மாவட்டத்தில் கல்சிந்தூர் என்று ஒரு கிராமம், இந்திய எல்லையோரம். ஏழைக் குடியானவர்களின் ஊர். அந்த நாட்டு அரசாங்கம் ஆரம்பப் பாடசாலைச் சிறுமிகளுக்கென்று நாடு முழுவதும் ஒரு கால்பந்தாட்டப் போட்டி நடத்தத் தொடங்கியது. கல்சிந்தூர் அரசினர் ஆரம்பப் பாடசாலை ஆசிரியர்கள் சிறுமிகளைச் சேர்த்துப் பழக்கினார்கள். அந்த ஒரு கிராமத்துப் பாடசாலையிலிருந்து தேசிய அணிக்கே பல பெண்கள் போனார்கள். 2017 டிசம்பரில் தெற்காசிய 15 வயதுக்குட்பட்ட சிறுமிகள் இறுதிப் போட்டியில் பங்களாதேஷ் இந்தியாவை 1–0 என வென்றது. 2022இல் காத்மண்டுவில் நேபாளத்தை 3–1 என வீழ்த்திப் பெரியவர்கள் கிண்ணத்தையும் எடுத்தது. 2024இல் மறுபடியும் எடுத்தது. ஆரம்பப் பாடசாலையில் போட்ட விதை பத்து வருடத்தில் காய்த்தது.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2022இல் வென்ற அணியின் கோல் காப்பாளர் ரூப்னா சக்மா ரங்காமாட்டி மலைப்பகுதிப் பெண். போட்டியின் சிறந்த கோல் காப்பாளராகத் தெரிவானவர். அவருடைய உடைந்த குடிசை பத்திரிகையில் வந்த பிறகுதான் அவருக்கு வீடு கட்டிக் கொடுக்க உத்தரவு வந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் இந்தியாவில் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கிண்ணம் நடந்தது. இந்திய அணித் தலைவி அஸ்தம் ஓராவோன், ஜார்க்கண்ட் மாநிலக் குக்கிராமப் பெண். ஓராவோன் மக்களும் நம்மைப் போலவே வெள்ளைக்காரர் காலத்தில் தேயிலைத் தோட்டங்களுக்கு, அசாமுக்கும் வங்காளத்துக்கும் கொண்டுபோகப்பட்டவர்கள். மகள் அணித் தலைவியான பெருமைக்கு அரசாங்கம் ஊருக்குப் பாதை போட்டது. அந்தப் பாதை வேலையில் நாட்கூலிக்குக் கல் சுமந்தவர்கள் அவருடைய தாய் தகப்பனே.

தோழர்களே, இந்தச் செய்தியைத் தொழிலாளியாக வாசியுங்கள். பிள்ளை கிண்ணம் வென்றால்தான் வீடு, பிள்ளை தலைவியானால்தான் பாதை என்றால், வெல்லாத பிள்ளையின் வீடு ஒழுகட்டுமா? வீடும் பாதையும் தண்ணீரும் முதலில் வர வேண்டும். கிண்ணம் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். நாம் கேட்பது பரிசு அல்ல, உரிமை.

விளையாட்டும் தொழிற்சங்கமும்

கால்பந்தாட்டம் பணக்காரர் விளையாட்டு, நமக்கு எதற்கு என்று சொல்பவர்களுக்கு ஒரு பழைய வரலாறு. இங்கிலாந்தில் நெசவாலைத் தொழிலாளர் பல காலம் போராடிய பின் 1850ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணியோடு வேலையை நிறுத்தியது. அந்த அரை நாள் விடுமுறையில்தான் தொழிலாளர் பந்து உதைக்கப் பழகினார்கள். இன்று நமது பிள்ளைகள் சட்டையில் பேர் போட்டுக்கொண்டு திரியும் மான்செஸ்டர் யுனைட்டெட் 1878இல் ரயில்வேத் தொழிலாளர் தொடங்கிய கழகம். ஆர்சனல் 1886இல் வூல்விச் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர் தொடங்கியது. வெஸ்ட் ஹாம் கப்பல் கட்டும் தொழிலாளர் கழகத்திலிருந்து வந்தது. தொழிலாளி போராடிப் பெற்ற ஓய்வு நேரத்தில் பிறந்த விளையாட்டு இது. வேலை நேரத்தைக் குறைக்கப் போராடியவன்தான் விளையாட்டு மைதானத்தையும் நிரப்பினான்.

பந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உள்ளே இருக்கும் காற்றுப்பை இறப்பரால் ஆனது. உலகத்துக்கு வேண்டிய கையால் தைத்த பந்துகளில் பெரும்பங்கைப் பாகிஸ்தானின் சியால்கோட் நகரம் தருகிறது. ஒரு காலத்தில் அங்கே சிறு பிள்ளைகள் வீட்டில் குந்தியிருந்து பந்து தைத்தார்கள். பள்ளிக்கூடமும் இல்லை, விளையாட்டும் இல்லை. உலகம் முழுவதும் தொழிற்சங்கங்களும் மனித உரிமை அமைப்புகளும் சத்தம் போட்டதன் பலனாக 1997இல் சர்வதேசத் தொழில் தாபனமும் யுனிசெப்பும் சியால்கோட் வர்த்தகச் சபையும் அட்லாண்டா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பிள்ளைகளைத் தையலிலிருந்து எடுத்துப் பள்ளிக்கு அனுப்பும் வேலை தொடங்கியது. பந்து தைத்த பிள்ளைக்குப் பந்து விளையாட நேரம் கிடைக்க வேண்டும் என்று கேட்டது தொழிலாளர் இயக்கம். இறப்பர் வெட்டுகிறவனின் பிள்ளைக்கும் அதைக் கேட்பதில் என்ன வெட்கம்?

பெரியவர்கள் சண்டையும் பிள்ளைகள் நட்டமும்

1995இல் கொழும்பில் நடந்த தெற்காசியக் கிண்ண இறுதியில் நமது நாடு இந்தியாவை 1–0 என வென்றது. அதற்குப் பிறகு முப்பது வருடமாக அந்தக் கிண்ணம் நம் பக்கம் வரவில்லை. ஏன்? ஒரு காரணத்தைச் சொல்கிறேன். 2023 ஜனவரி 21ஆம் திகதி உலகக் கால்பந்தாட்டச் சம்மேளனமான பீஃபா, நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்று சொல்லி இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் மாதத்தில்தான் தடை நீங்கியது. இடையில் பெங்களூரில் நடந்த தெற்காசியக் கிண்ணத்தில் நமது அணி ஆடவே இல்லை. நான்கு வருடத்துக்கு ஒரு நாட்டுக்கு 80 இலட்சம் டொலர் வரை பீஃபா அபிவிருத்தி நிதி ஒதுக்குகிறது. தடை இருக்கும் காலத்தில் அந்தக் கதவும் மூடும். கொழும்பில் கதிரைக்குச் சண்டை. தண்டனை, காலையில் எழுந்து ஓடிப் பழகிய பிள்ளைகளுக்கு.

அவர்களைக் குறை சொல்லிவிட்டு நாம் தப்ப முடியாது. ஒரு தோட்டத்தில் மூன்று சங்கம் இருந்தால் மூன்று இளைஞர் அணி, மூன்று கிண்ணம், மைதானம் மட்டும் ஒன்று. ஒரு சங்கத்து அணி ஆடும் நாளில் மற்றச் சங்கத்துப் பிள்ளை மதில்மேல் குந்தியிருந்து பார்க்க வேண்டும். பொங்கலுக்கும் மே தினத்துக்கும் போட்டி வைக்கிறோம். வருடத்தில் இரண்டு நாள். தலைவர் படம் போட்ட சட்டைக்கும், ஆளுயரக் கிண்ணத்துக்கும், ஒலிபெருக்கிக்கும், பிரமுகருக்குப் பொன்னாடைக்கும் சந்தாப் பணம் போகிறது. ஆட்டம் முடிந்ததும் இரவில் சாராயப் போத்தல் உடைகிறது, மண்டையும் உடைகிறது. மறுநாள் வலை கட்டிய மூங்கில் விறகாகிவிடும். அந்தப் போட்டியில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு என்ன கிடைத்தது? பெண் பிள்ளைக்கு என்ன கிடைத்தது? நமது சங்கத்தையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

செய்யக்கூடிய ஆறு வேலைகள்

கோபத்தை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துவது சங்கப் பத்திரிகைக்கு அழகல்ல. நமது கைக்கு எட்டும் வேலைகளைச் சொல்கிறேன். மாவட்டக் கமிட்டிகள் பேசி முடிவெடுக்கட்டும்.

ஒன்று, தோட்டத்துக்கு ஒரு மைதானம். கம்பனிகள் 1992 முதல் தோட்டங்களை நடத்துவது அரசாங்கக் காணியைக் குத்தகைக்கு எடுத்துத்தான். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு சமதரைத் துண்டை அளந்து, எல்லைக்கல் போட்டு, பிள்ளைகளின் விளையாட்டிடம் என்று எழுத்தில் எடுக்க வேண்டும். நிர்வாகத்தோடு நடக்கும் அடுத்த பேச்சுவார்த்தை நிகழ்ச்சி நிரலில் இது ஓர் உருப்படியாக வர வேண்டும். வாய்ச்சொல் வேண்டாம். மறுநடுகை வந்தால் வாய்ச்சொல் நிற்காது.

இரண்டு, மாதம் ஒரு ஞாயிறு. பெரியவர் போட்டிக்குச் செலவாகும் காசில் பாதியைப் பிள்ளைகளுக்கு மாற்றுவோம். 12 வயதுக்குட்பட்டோர், 15 வயதுக்குட்பட்டோர், ஆண், பெண் இரு பாலாருக்கும் பக்கத்துத் தோட்டங்கள் சேர்ந்து மாதம் ஒருமுறை ஆடட்டும். ஏழு பேர் அணி போதும். பெரிய மைதானம் வேண்டாம், பெரிய கிண்ணம் வேண்டாம். ஆட்டம் முடிந்து எல்லாப் பிள்ளைக்கும் ஒரு வேளை நல்ல சாப்பாடு போடுவோம்.

மூன்று, சங்க பேதம் இல்லாத அணி. அணிக்குத் தோட்டத்தின் பெயர் இருக்கட்டும், சங்கத்தின் பெயர் வேண்டாம். சிறிய பாடசாலைகள் இரண்டு மூன்றைச் சேர்த்து ஒரே அணியாகப் பாடசாலைப் போட்டிக்கு அனுப்ப இடம் தருமாறு வலயக் கல்விப் பணிமனையைக் கேட்போம். அயல் கிராமத்துச் சிங்கள, முஸ்லிம் பிள்ளைகளையும் அழைப்போம். ஏழு நாட்டுப் பிள்ளைகள் கூடி ஆடும்போது ஒரே பஸ்ஸில் வரும் பிள்ளைகள் கூடி ஆட முடியாதா?

நான்கு, ஒரு பயிற்றுவிப்பாளன், ஒரு பயிற்றுவிப்பாளினி. ஆசியக் கால்பந்தாட்டச் சம்மேளனத்தின் பயிற்றுவிப்பாளர் சான்றிதழில் முதல் படி 'டி' தரம். ஒவ்வொரு பிரதேசத்திலிருந்தும் ஓர் இளைஞனையும் ஒரு யுவதியையும் அந்தப் பயிற்சிக்கு அனுப்பும் செலவைச் சங்கம் ஏற்கட்டும். பயிற்சியைத் தமிழிலும் நடத்தும்படி சம்மேளனத்துக்கும் விளையாட்டுத்துறை அமைச்சுக்கும் எழுதுவோம்.

ஐந்து, கடதாசி முகாம். பிரதேச செயலகத்தோடு பேசி, வருடத்தில் ஒரு நாள் தோட்டத்துக்கே வந்து பிறப்புச் சான்றிதழ் பிழைகளைத் திருத்தும் நடமாடும் சேவையைக் கேட்போம். பந்துக்காகத் திருத்தும் சான்றிதழ் பரீட்சைக்கும் அடையாள அட்டைக்கும் வேலைக்கும் உதவும்.

ஆறு, பெண் பிள்ளைகள். பின்னேரம் தாய் பாலோ கொழுந்தோ நிறுத்துவிட்டு வரும்வரை தண்ணீர் சுமப்பதும், தம்பி தங்கையைப் பார்ப்பதும், அடுப்பு மூட்டுவதும் பெண் பிள்ளைதான். அவள் மைதானத்துக்கு வர வேண்டுமென்றால் லயத்துக் குழாயில் தண்ணீர் வர வேண்டும், பிள்ளை மடுவம் பின்னேரம் வரை திறந்திருக்க வேண்டும். மாதர் சங்கத் தலைவிகள் இதைக் கையில் எடுக்க வேண்டும். தகப்பன்மாரும் ஒரு குடம் தூக்கலாம், கை தேயாது.

யாருக்காக

இதையெல்லாம் செய்தால் அடுத்த வருடமே நமது பிள்ளை தேசிய சட்டை போட்டுவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆயிரம் பிள்ளை ஆடினால் ஒன்று போகும். போகாத 999 பிள்ளைகளும் ஆரோக்கியமாக வளரும். சாராயக் கடை வாசலிலும் போதைப்பொருள் விற்கிறவன் பக்கத்திலும் நிற்பதற்கு நேரம் குறையும். பதினைந்து வயதில் படிப்பை விட்டுக் கொழும்புக் கடைக்கு ஓடும் பிள்ளைகளில் சிலராவது பாடசாலையில் நிற்பார்கள். பல பெற்றோருக்குத் தம் பிள்ளைக்கு எதில் திறமை என்றே தெரியாது. பார்க்க ஓர் இடம் இல்லாதபடியால் தெரியாது. அந்த இடத்தைத்தான் கேட்கிறோம்.

2022 ஏப்ரலில் எரிபொருள் விலைக்கு எதிராக இந்த ரம்புக்கனையில் மக்கள் ரயில் பாதையில் இறங்கினார்கள், துப்பாக்கிச் சூட்டில் ஓர் உயிர் போனது. அந்த வருடமே செப்டெம்பரில், நாடு வங்குரோத்தாகி நின்ற நேரத்தில், இதே 17 வயதுக்குட்பட்டோர் போட்டி இதே கொழும்புத் திடலில் நடந்தது. இறுதியில் இந்தியா நேபாளத்தை 4–0 என வென்றது. காசு இல்லை என்று பிள்ளைகளின் போட்டியை அப்போதும் நிறுத்தவில்லை. கம்பனியோ அரசாங்கமோ நமது பிள்ளைகளின் மைதானத்துக்குக் காசு இல்லை என்று சொன்னால் இதை ஞாபகப்படுத்துவோம்.

நீராவி எஞ்சின் காலத்தில் கடுகண்ணாவை ஏற்றம் ஏறுவதற்கு ரம்புக்கனையில் ரயிலுக்கு இன்னோர் எஞ்சின் பூட்டுவார்கள். முன் எஞ்சின் பலவீனமானது என்று அதற்கு அர்த்தமில்லை. ஏற்றம் அப்படி. நமது பிள்ளைகளின் கால்களுக்கும் பலம் குறைவில்லை. இருநூறு வருட ஏற்றம் அவர்கள் முன்னால் நிற்கிறது. பூட்ட வேண்டிய இரண்டாவது எஞ்சின் சங்கம். அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் தலைவர்மார் முதலில் ஒரு கேள்வியைக் கேட்டுப் பதிலைக் கூட்டக் கொப்பியில் எழுதுங்கள்: நமது தோட்டத்தில் பிள்ளைகள் விளையாட எழுத்தில் உள்ள இடம் எது? பதில் இல்லை என்றால் அதுதான் முதல் கோரிக்கை.

தொழிற்சங்கச் செயற்பாட்டாளர்,
ரம்புக்கனை